பாதியில் நிற்கும் பாட்டு

காரில் ஜெயபாண்டியின் போனிலிருந்து பாட்டு ஷபிளில் ஓடியது. போன் சார்ஜரில் கவிழ்ந்து கிடந்தது.

சோகப் பாட்டு ஒன்று வந்தது. “தூக்கம் வருது மாமா, மாத்துங்க” என்றான் பக்கத்தில் இருந்த மச்சினன் அழகுபாண்டி.

அடுத்து வந்த குத்துப்பாட்டுக்கு இருவரும் தலையாட்டினார்கள். சமயநல்லூரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில், உடுக்கைச் சத்தத்தோடு ஓர் அம்மன் பாட்டு ஆவேசமாகக் கிளம்பிப் பாதியில் நின்றது.

“இதை எப்ப ஏத்துனீங்க?”

“தெரியல மாப்ள. அம்புட்டுப் பாட்டு கெடக்கு.”

கொஞ்ச தூரத்தில் அதே பாட்டு வந்து, அதே இடத்தில் நின்றது. பிறகு மறுபடியும்.

“ஷபிள் கெட்டுப்போச்சு போல. சவுண்டைக் கொறைங்க மாமா, பின்னால அக்கா தூங்குது.”

ஜெயபாண்டி குறைத்தான்.

ஆரப்பாளையத்தில் வீட்டு வாசலில் இறங்கி, “பாண்டீஸ்வரி, எந்திரி” என்று பின்சீட்டுப் போர்வையை இழுத்தான். அடியில் தலையணை மட்டும் இருந்தது.

“டீ குடிச்ச எடத்துல எறங்கியிருக்கும் மாமா.”

மறுபடி உடுக்கை ஒலித்தது. அழகுபாண்டி போனைத் திருப்பினான். திரையில் அக்காவின் பெயர்.

“காலைல ஒங்க போனை நோண்டிக்கிட்டு இருந்துச்சுல்ல? தன் நம்பருக்கு இந்தப் பாட்டை வச்சிருக்கு. எடுத்துப் பேசுங்க மாமா.”

“இரு மாப்ள. பாட்டு முடியட்டும்.”