மேசைக்கடியில் பச்சை விளக்கு

சாரம் பகுதியில் உள்ள வீட்டின் மாடியறையில் காலை வெயில் மடிக்கணினிமேல் சாய்ந்து விழுகிறது. அலுவலகம் அலுவலகமாகப் போய் கேபிள் இழுத்து நெட்வொர்க் அமைத்துக்கொண்டிருந்த ஜாகிர், கையிலிருந்த வேலையை உதறிவிட்டு எங்கோ இருக்கும் சர்வர்களை இணையம் வழியே இயக்கும் கிளவுட் வேலைக்கு வந்த முதல் நாள். எழுதி வைத்த கட்டளையைப் பயந்துகொண்டே தட்டிவிடுகிறான். ரொட்டிக்காரரின் ஹாரன் சத்தம் தெருமுனையைத் தாண்டுவதற்குள், மும்பையில் ஒரு ஹாலையே நிறைக்கும் அளவுக்கு சர்வர்கள் எழுந்து ஒன்றோடொன்று பேசத் தொடங்குகின்றன. திரையில் வரிவரியாக ‘தயார்’ என்று வருகிறது. அவன் சட்டென்று மேசைக்கடியில் குனிகிறான்.

“என்னங்க தேடுறீங்க?” என்கிறாள் மனைவி நூரீன்.

“கனெக்‌ஷன் கெடச்சா பச்ச லைட்டு எரியணும்ல, அதான் பாத்தேன்.”

அங்கே பூனைதான் தூங்குகிறது. நூரீன் சிரிக்கவில்லை; அவளும் குனிந்து பார்க்கிறாள். ஜாகிர், கம்பி உரித்து உரித்துக் காய்த்துப்போன விரல்களை வெயிலில் விரித்துப் பார்க்கிறான். இன்று அவை ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை.