மூத்த மருமகளுக்கு ஒரு கண்டனம்

செய்தித்தாளில் இந்த வாரமும் வந்திருந்த தன் வாசகர் கடிதத்தை, ஓய்வுபெற்ற தபால்காரர் சத்தமாகப் படித்தார்.

"டிவி தொடரில் வரும் மூத்த மருமகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. இவளால் எத்தனை குடும்பம் கெடுமோ!"

புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் தொடையைத் தட்டினார். "சரியாச் சொன்னீங்க சார்! அவளைப் பெத்தவனைச் சொல்லணும்!"

தபால்காரர் சிரித்துக்கொண்டார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அதே மூத்த மருமகள்!

"அப்பா! இந்த மாசம் தொடர்ல என்னைச் சாகடிக்கிறதா இருந்தாங்க. வாராவாரம் வர்ற உங்க கடிதங்களைப் பார்த்துட்டு, ஜனங்க இப்படித் திட்டுற வில்லியை விடக்கூடாதுன்னு கடைசி வரைக்கும் வெச்சுக்கப்போறாங்களாம்!"

தபால்காரர் பேனாவை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் திணித்தார்.

"சார், பெத்தவனையும் சேர்த்துத் திட்டி நீங்களும் ஒண்ணு எழுதுங்களேன்!"