கடைசி விமானம்

“அந்தக் காலத்து குண்டுவீச்சு விமானம்னா அதுதான்யா விமானம்! பாதி இறக்கை பிஞ்சு போனாலும் வீடு வந்து சேரும்” என்று மேஜையைத் தட்டினார் கமாண்டர்.

அவர் ஒரு நாளும் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. பத்திரப்பதிவு ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். விமான ரசிகர் சங்கத்துக்குத் தலைவரானதில் வந்து ஒட்டிக்கொண்ட பட்டம் அது.

விமானப்படைத் தளத்தை ஒட்டி ஒரு மாடி அறையில்தான் சங்கம் கூடும். மேலே பழைய போர் விமானங்களின் பொம்மைகள் நூலில் தொங்கும். கீழே உலக அரசியல் அனல் பறக்கும். எல்லையில் சண்டை மூண்டதிலிருந்து, போரை நடத்துவதே இவர்கள்தானோ என்று சந்தேகம் வரும்.

“திரும்பி வந்த விமானத்தைப் பத்தியே பேசறோம். வராமப் போனதுக்கு யாரும் பொம்மை செஞ்சு மாட்டறதில்ல” என்றார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்.

அவர் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், வானத்தில் புள்ளியாகத் தெரிவது எந்த விமானம் என்று வெறும் கண்ணாலேயே சொல்லிவிடுவார்.

இதற்காகவே காத்திருந்தவர் போல் செயலாளர் எழுந்தார்.

“தலைவரே, இந்த ஆளு போக்கே சரியில்ல. நேத்து சாயங்காலம் தளத்து வேலியோரமா நின்னு வாயைப் பொத்திக்கிட்டு யாருக்கோ ஃபோன் பண்றார். ‘எல்லாம் இறங்கிடுச்சு, ஒண்ணும் குறையல’ன்னு சொல்றார். என் காதால கேட்டேன்.”

தளத்திலிருந்து விமானங்கள் போவதையும் வருவதையும் வெளியில் சொன்னால் ஜெயில் என்று அரசாங்க உத்தரவு இருந்தது.

“யார்கிட்ட சொன்னே?” கமாண்டரின் குரல் உயர்ந்தது.

“ஒரு அம்மாகிட்ட சார்.”

“எந்த அம்மா?”

“அதை மட்டும் கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்.”

“நேத்து மட்டும்தானா?”

“இல்ல சார். தினமும்தான்.”

“அடப்பாவி!” என்று அலறினார் பொருளாளர். “கூடவே உட்கார்ந்து பிஸ்கட் தின்னுக்கிட்டே உளவு பார்த்திருக்கான்யா!”

கமாண்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “என் புள்ள அந்த விமானத்துல உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போறான். நீ இங்கேயிருந்து துப்பு குடுக்கறியா? எங்க வீட்டுலயே யார் கேட்டாலும் நான் வாயைத் திறக்கறதில்ல, தெரியுமா? போர்னா அப்படித்தான் இருக்கணும்!”

கண்ணாடிக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மென்று விழுங்கிவிட்டு மறுபடி ஜன்னலைப் பார்த்தார்.

“அங்கே என்ன பார்வை?”

“மத்தியானம் போனதுல ஒண்ணு இன்னும் வரல சார்.”

“மாட்டிக்கிட்டப்புறமும் வேவு பார்க்கறான் பாருங்க! என்ன நெஞ்சழுத்தம்!” என்றார் செயலாளர்.

கமாண்டர் தன் ஃபோனில் போலீஸ் நிலையத்தின் நம்பரைத் தேட ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் கண்ணாடிக்கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“சார், ரெண்டு பொம்பளப் புள்ளைங்க படிக்குதுங்க. நான் உள்ளே போனா குடும்பமே தெருவுக்கு வந்துடும்.”

“அப்ப அவ யாருன்னு சொல்லு. விட்டுடறேன்.”

“சொன்னா அந்தம்மாவுக்கு நிம்மதி போயிடும். நீங்க போலீஸையே கூப்பிட்டுக்குங்க.”

கமாண்டர் நம்பரை அழுத்தப் போன நேரத்தில், மேஜை மேலிருந்த கண்ணாடிக்கடைக்காரரின் ஃபோன் அடித்தது. அவர் பாய்ந்தார். செயலாளர் முந்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

“தம்பி...” ஒரு பெண்ணின் குரல், பக்கத்து அறையில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல் தணிந்து வந்தது. “உங்க ஃபோனைக் காணோமேன்னு நானே கூப்பிட்டேன். எல்லாம் இறங்கிடுச்சாப்பா? ஏதாவது சொல்லுங்க.”

“யாரும்மா நீ? உன்னை யாரு கேக்கச் சொன்னா?” என்று அதட்டினார் செயலாளர்.



கமாண்டர் கையை நீட்டி அந்த ஃபோனை வாங்கிக்கொண்டார். ஸ்பீக்கரை அணைத்தார். ஆத்திரத்தில்தான் வாங்குகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். கிழித்துத் தோரணம் கட்டப்போகிறார் என்று பொருளாளர் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கமாண்டர் ஃபோனைக் காதில் வைத்தபடி ஜன்னலுக்குப் போய், கண்ணாடிக்கடைக்காரரின் பக்கத்தில் நின்றார்.

“எத்தனை வரல?” என்று மெல்லக் கேட்டார்.

“ஒண்ணுதான் சார்.”

வானம் வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு நொடியும் இழுத்துக்கொண்டு போனது.

ரொம்ப தூரத்தில் ஒரு உறுமல் கேட்டது. அது நெருங்கி, ஜன்னல் கண்ணாடிகள் அதிர, கூரையை உரசுகிற மாதிரி கடந்துபோனது. கண்ணாடிக்கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி எட்டிப் பார்த்தார்.

“சக்கரம் தரையில பட்டுடுச்சு சார். நல்லபடியா இறங்கிடுச்சு.”

கமாண்டர் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஃபோனில் சொன்னார்.

“நம்ம புள்ள வந்துட்டான்டி... நான்தான் பேசறேன்.”