கை நடுங்காத அத்தான்

புகை அலாரம் வீடே அதிரும்படி அலறியது. அத்தான் ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் கோலைத் தாங்கியில் செருகிவிட்டு, நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறி அதன் வாயை அடைத்தார்.

மேசைமேல் நிறுத்தியிருந்த போனில், வீடியோ அழைப்பில் மச்சான் சிரித்தான். "என்ன அத்தான், வீட்டையே கொளுத்திட்டீங்களா?"

"கொஞ்சம் புகைஞ்சுடுச்சுப்பா. காப்பி கேம் ஓடறதுக்கு கேம் பெட்டிக்குள்ள சிப் வைக்கிறது எனக்கு இதுதானே முதல் தடவை?"

"கூட்டாளிங்களுக்கு நாலு பெட்டியில வச்சுக் குடுத்தவன் நான், பயப்படாதீங்க. எட்டு கம்பியில ஏழு முடிஞ்சுது. கடைசியைத் தொட்டு, ரெண்டு எண்ணி எடுங்க."

தொட்டார், எண்ணினார், எடுத்தார். ஈயம் பக்கத்துப் புள்ளிக்கும் ஓடி ஒட்டிக்கொண்டது.

"மச்சான், இப்படியே சுவிட்சைப் போட்டா போர்டு கருகிடுமோ?"

"கருகினா கருகட்டும்! பெட்டிதானே, உசுரா போயிடும்?"

"நிஜமாவா சொல்ற? பெட்டி போனா பரவாயில்லையா?"

"ஐயோ அத்தான், எத்தனை தடவை கேப்பீங்க? துணிஞ்சு போடுங்க!"

போட்டார். டப்பென்று ஒரு சத்தம். பெட்டிக்குள்ளிருந்து நூல்போலப் புகை கிளம்பியது; அலாரம் மறுபடியும் ஒப்பாரி வைத்தது.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "போச்சா? அனுபவம்னு வச்சுக்கங்க. ஆனா ஒண்ணு, முதல் தடவையிலேயே உங்க கை துளிகூட நடுங்கலையே, அது எப்படி?"

"என்னோட பெட்டி பத்திரமா அலமாரியில இருக்கு மச்சான். இது, போன வாரம் நீ இங்க மறந்து வச்சுட்டுப் போனது."