ஆட்டோப் படி உயரம்

நட்டு மறுபடியும் கைநழுவியது.

டீ-ஷர்ட்டின் மார்பில் எழுதியிருந்த 'பாதை நமக்கெதற்கு?' மீது விழுந்து, உருண்டு, ஜீப்பின் அடியில் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. மல்லாந்து படுத்தபடியே தரையைத் துழாவினான். கிடைத்தது ஒரு காய்ந்த எலுமிச்சம்பழம். ஆயுத பூஜையன்று சக்கரத்துக்குத் தப்பித்தது.

வண்டிக்கடியில் படுத்திருப்பவனுக்கு உலகம் முழங்கால் உயரம்தான். கேட்டின் கீழ்ப்பாதி. கோலம். வாசற்படியில் மனைவியின் செருப்பு.

செருப்பு இன்னும் அங்கேயே இருந்தது.

உள்ளே பீரோ திறக்கும் சத்தம். பட்டுப்புடவை எடுக்கிறாள். கல்யாணத்துக்கு ஆட்டோ சொல்லியிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும்.

கதவுக்குக் கீழே மாட்டும் இடதுபக்கக் கம்பிக்கு மூன்று தாங்கிகள். முன்னால் முடுக்கியாயிற்று. நடுவில் முடுக்கியாயிற்று. பின்னால் மட்டும் போல்ட் நட்டில்லாமல் துளைக்குள் சும்மா செருகிக்கொண்டு நின்றது.

யூடியூபில் தாடிக்காரர் வலதுபக்கத்தில்தான் தொடங்கினார். இவன் இடதில் தொடங்கினான். அவள் ஏற வேண்டிய பக்கம்.

ஏறினால்.

'கரடுமுரடு வேங்கைகள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. வேங்கைகள் எல்லாருக்கும் கோவையில் சொந்தக் கடையும் சொந்தமாகச் சர்க்கரையும் உண்டு. பாறையில் உரசினால் வண்டி நசுங்காமலிருக்கப் பக்கவாட்டுக் கம்பி அவசியம் என்று தலைவர் தினமும் காலை வணக்கத்தோடு எழுதுவார். இவனுடைய ஜீப் இதுவரை தொட்ட சிகரம், ஜவுளிக்கடையின் மாடிப் பார்க்கிங்.

நேற்று கம்பியின் படத்தைப் போட்டான். இவ்வளவு தாழ்வாகத் தொங்கினால் பாறை இடிக்குமே என்றார் தலைவர். ஈர்ப்பு மையம் பற்றி இவன் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினான். வேங்கைகள் வரிசையாகக் கட்டைவிரல் காட்டின.

ஈர்ப்பு மையம் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தது. போன வாரம் அங்கே போய், ஆட்டோவின் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்தான். எதுக்குங்க என்று டிரைவர் நாச்சிமுத்து கேட்டார். சாக்கடை வேலை வரப்போகிறது என்றான். அந்த உயரத்துக்கே தாங்கிகளை இறக்கி வெல்டிங் செய்து வாங்கினான்.

போன மாசியில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவளுடைய ஒரு காலுக்குத் தரை எட்டவில்லை. இன்னொரு கால் மடங்கவில்லை. முழங்கால் தேய்மானம். பந்தியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஆளுக்கொரு கை கொடுத்தார்கள்.

"பாத்துங்கப்பா, உற்சவர் எறங்கறாரு" என்றான் அவன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்று திரும்பும்போது ஆட்டோ. பிறகு எல்லாவற்றுக்கும் ஆட்டோ. காய்கறிக்கு, கோவிலுக்கு, முழங்கால் டாக்டரிடம் போகக்கூட. சண்டை கிடையாது. போயிட்டு வர்றேனுங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

இன்றும் அதே மண்டபம்.

பின்சக்கரத்துக்கு அருகில் ஏதோ மின்னியது. கையை நீட்டினான். நட்டு.

கேட்டில் ஹாரன்.

வாசற்படியில் செருப்புக்குள் கால்கள் நுழைந்தன. புடவையின் அரக்குக் கரை அதன்மேல் விழுந்தது. கேட்டை நோக்கி நடந்தது.

இரு என்று சொல்லலாம். எதற்கு என்று கேட்பாள். ஈர்ப்பு மையத்துக்கு ஒரு பக்கம் எழுதியவனுக்கு, அதற்குச் சொல்ல ஒரு வரி வரவில்லை.

செருப்பு நின்றது.

திரும்பியது.

கம்பியருகே வந்தது.

கதவு திறந்தது. ஒரு கால் செருப்பிலிருந்து வெளியே வந்தது. பூஜை போட்ட வண்டி. செருப்புக்காலால் மிதிக்க மாட்டாள்.

அவன் நட்டை விட்டுவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் கம்பியின் அடியில் கொடுத்தான்.

எடை இறங்கியது.

"ஏனுங்க, ஆடாதுங்களா?"

"பாறைக்குப் போட்டது" என்றான், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

இன்னொரு காலும் ஏறியது. மணிக்கட்டு முறிந்துவிடும் போலிருந்தது. கம்பியில் நின்றபடியே அவள் ஆட்டோக்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் ஏதோ கேட்டார். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். ஆட்டோ கிளம்பி, அதன் சத்தம் தெருமுனையில் தேய்ந்து போகும்வரை அங்கேயே நின்றாள்.

பிறகு கையிலிருந்த எடை மேலே போயிற்று.

கதவு சாத்தப்பட்டது.

நட்டைப் பொறுக்கிப் போட்டு, ஸ்பேனர் முனகும்வரை முடுக்கினான். ஊர்ந்து வெளியே வந்தான்.

கண்ணாடி இறங்கியது. அவள் நேராகத் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"உற்சவரோட பாதரட்சை கீழ கெடக்குதுங்க."

கையெல்லாம் கிரீஸ். சுற்றிலும் பார்த்தான். துணி எதுவும் கண்ணில் படவில்லை. மார்பில் இருந்த 'பாதை நமக்கெதற்கு?' மீது இரண்டு கைகளையும் அழுத்தித் துடைத்தான். விரல் இடுக்குகளையும்.

பிறகு குனிந்தான்.