என் கடை வாசலில் காத்தாயி

"ஏனுங்க சில்வஸ்டர், உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

கேட்டே விட்டேன். பின்னே என்ன? மாதம் தவறாமல் நகராட்சியிலிருந்து வந்துவிடுகிறார், குன்னூர் பஸ் ஸ்டாண்டு எதிரே என் டீத்தூள் கடை வாசலில் வேகவைத்த கடலை விற்கிற காத்தாயிக்கு அபராதம் எழுத. கீழ் கோத்தகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். புருஷனும் இல்லை.

"நகராட்சி வியாபாரி கார்டு இல்லாம நடைபாதையில விக்கக் கூடாதுங்க லிங்கசாமி. ரூல்ஸ்."

"பெரிய ரூல்ஸு! ஏழை வயித்துல அடிக்கறதுக்கா?"

அவர் அபராத ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கல்நெஞ்சக்காரன்! மனசு கேட்காமல் காத்தாயிக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

போன மாதம் நடைபாதை வியாபாரிகளைக் கணக்கெடுத்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் விற்றதற்குச் சாட்சி காட்டினால் கார்டு. அப்புறம் அந்த இடத்திலிருந்து யாரும் கிளப்ப முடியாது. சாட்சி இல்லாவிட்டால் கூடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

காத்தாயி என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணா, நாலு வருசமா உங்க கடை முன்னாடிதான் விக்கறேன்னு ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கண்ணா."

அப்படியென்றால் காலத்துக்கும் என் கடை வாசலிலா?

"அதுக்கென்னம்மா... சீசன் முடியட்டும், பாக்கலாம்."

"சரிங்கண்ணா" என்று போய்விட்டாள். சீசன் முடிவதற்குள் கணக்கெடுப்பு முடிந்துவிடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நேற்று வந்தவள் கழுத்தில் புதுக் கார்டு தொங்கியது. பக்கத்தில் சில்வஸ்டர் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"சாட்சிக்கு என்னம்மா பண்ணினே?" என்றேன்.

"அபராத ரசீதுதானுங்கண்ணா. பேரு, தேதி, இடம், நகராட்சி சீலு எல்லாம் அதுல இருக்குதுங்களே. ஒண்ணைக்கூடத் தொலைச்சுடாதேன்னு சார்தான் மொதல்லயே சொல்லி வெச்சிருந்தாருங்க."

நான் சில்வஸ்டரைப் பார்த்தேன்.

"ஏனுங்க, ஒரு கடுதாசிக்காக நாலு வருசமா அபராதம் எழுதுவாங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே!"

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த தோலை உதறிவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"குடுக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதானுங்க எழுதினேன்."