வயர் கழற்றிய பிறகு

கோவில்பட்டியில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் மூளை அலை எடுக்கும் வேலை ராஜமணிக்கு. 1983இல் ஒருநாள் அங்கே ஓட்டப்பிடாரம் பஸ் டிரைவர் சௌந்தரபாண்டியன் வந்தார். பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தவர்; டாக்டர் கையெழுத்து இல்லாமல் இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

தலையில் வயர்களை ஒட்டியதும், ஓடுகிற தாளில் எட்டுப் பேனாக்கள் அலை வரைந்தன. ஒரு சொல்லுக்கு மூளை எப்படி அசைகிறது என்று பார்க்க, "சோறு," என்றான் ராஜமணி. பேனாக்கள் லேசாக நடுங்கின. வெளியிலிருந்து டிரைவரின் மனைவி இசக்கியம்மாள், "ஏங்க, சோறு ஆறுது!" என்றாள். எட்டும் துள்ளிக் குதித்தன.

"அதே சொல்லுதான். யாரு சொல்லுதா, எந்த நேரத்துல சொல்லுதாங்கிறதப் பொறுத்து அலை மாறும்," என்றார் டாக்டர்.

"மூளை இருக்குன்னு எழுதிக் குடுங்கய்யா, ஊருல காட்டணும்," என்றாள் இசக்கியம்மாள்.

வயர்களைக் கழற்றியதும் சௌந்தரபாண்டியன் சாப்பிடப் போய்விட்டார். பேனாக்கள் நிற்கவில்லை. ராஜமணி பிளக்கைப் பிடுங்கினான், அப்போதும் நிற்கவில்லை. டாக்டர் தாளை இழுத்துப் பார்த்தார்.

"வயரு இருந்ததவிட இது சுத்தமா இருக்குய்யா. தாராளமா ஓட்டலாம்," என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மாலை பேனாக்கள் தணிந்து, நீளநீளமான அலைகளை வரையத் தொடங்கின. வழக்கப்படி ராஜமணி தாளின் ஓரத்தில் குறித்தான்: '4.10. நோயாளி ஆழ்ந்த தூக்கம்.'

ஹாரன் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். ஜன்னலுக்கு வெளியே ஓட்டப்பிடாரம் பஸ், படி வரைக்கும் ஆட்களோடு, வளைவில் அழகாகத் திரும்பியது. சௌந்தரபாண்டியன் வாயெல்லாம் சிரிப்பாக அவனுக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டினார்.

மேஜையில் பேனாக்கள் அவருடைய தூக்கத்தை நிதானமாக வரைந்துகொண்டிருந்தன.